சொட்டும் இல்லை, புகையும் இல்லை

போன இதழில் 'ஆயில் குடிக்கும் இன்ஜின்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இத்தனை பேர் வீட்டு வாசலில் குடிகாரர் நிற்பார் என்று நினைக்கவில்லை. கட்டுக் கட்டாகக் கடிதம். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: 2009 மாடல் டாரஸ். ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை. சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. ஒரு மெக்கானிக் ரிங் போச்சு என்கிறார். இன்னொருவர் ஃபுல் இன்ஜின் வேலை என்கிறார். ஆயில் எங்கேதான் போகிறது?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: முதலில் கணக்கு. உங்கள் வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல். அதில் இரண்டரை லிட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று. வயசான இன்ஜினில் நூற்றுக்கு அரை வரை நான் கண்டுகொள்வதில்லை. ஒன்று என்றால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்ப்பது வேறு, பிரிப்பது வேறு. வயிற்றுவலி என்று போனவரை நேராக ஆபரேஷன் டேபிளில் படுக்கப்போடுகிற டாக்டரிடம் நீங்கள் போவீர்களா?

நிற்கும் இடத்தில் சொட்டு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்ஜின் ஓடும்போதுதான் ஆயிலுக்கு அழுத்தம். நின்றவுடன் அது சாதுவாகிவிடும். ஓடும்போது ஒழுகுவது காற்றில் பறந்து சேஸிஸ், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் என்று தடவிக்கொண்டே போகும். அதன்மேல் புழுதி படிந்து கறுப்புப் போர்வையாகிவிடும். போர்வைக்கு மேலே இன்னொரு சொட்டு விழுந்தால் யாருக்குத் தெரியும்? இன்ஜினையும் அடிப்பக்கத்தையும் நன்றாகக் கழுவுங்கள். ஐம்பது கிலோமீட்டர் லோடோடு ஓட்டுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு படுங்கள். ஈரம் எங்கே அதிகம் என்று தேடாதீர்கள், எங்கே உயரத்தில் தொடங்குகிறது என்று தேடுங்கள். ஆயில் கீழேயும் பின்னேயும்தான் போகும். டாப்பெட் கவர் பேக்கிங் கசிவதைப் பார்த்துவிட்டு 'சேம்பர் பேக்கிங் போச்சு' என்று சேம்பரைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அடிப்பக்கம் உலர்ந்திருக்கிறது என்றால், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயில் கூலர்மேல் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது தண்ணீரைவிட ஆயிலுக்கு அழுத்தம் அதிகம் என்பதால் கூலரில் ஓட்டை விழுந்தால் ஆயில் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் வரலாம். டிப் ஸ்டிக்கில் காபி நிறம் தெரிந்தால் அதுதான் கதை.

பிறகு டர்போவிலிருந்து வரும் காற்று ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். விரலை விட்டால் நனைந்து ஒழுகினால்தான் வழக்கு. அப்போதும் டர்போவைத் தூக்கிப் போடாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் நல்ல டர்போகூட ஆயிலை உறிஞ்சி வெளியே விடும். டர்போவிலிருந்து சேம்பருக்கு ஆயில் திரும்பும் பைப் அடைத்திருந்தாலும் அதே கதைதான்.

இவ்வளவையும் நான் சொன்னது ஒரு முறைக்காக. 'சொட்டும் இல்லை, புகையும் இல்லை' என்று யார் வந்தாலும் நான் முதலில் போய் நிற்பது ஏர் டேங்க் பக்கம்தான். பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் ஒரு குட்டி இன்ஜின். அதற்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு. குடிப்பது பெரிய இன்ஜினின் ஆயிலைத்தான். அதன் ரிங் தேய்ந்தால் ஆயில் காற்றோடு சேர்ந்து டேங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சைலன்சர் வழியாகப் போகாததால் புகை வராது. தரையில் விழாததால் கறையும் வராது. இதைவிடப் பத்திரமான ஒளிவிடம் லாரியில் இல்லை. நாளைக் காலை டேங்குக்கு அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து, வருவதை ஒரு டப்பாவில் பிடியுங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் சகஜம். கறுப்பாகக் கூழ் வந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டிப் ஸ்டிக் பார்ப்பது எப்படி? சிரிக்காதீர்கள்.
— புதிய கிளீனர், சேலம்

பதில்: சிரிக்கவில்லை தம்பி. இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு இது சரியாகத் தெரியாது, கேட்க வெட்கம். வண்டி மேடு பள்ளம் இல்லாத தரையில் நிற்க வேண்டும். நிறுத்திக் கால் மணி நேரமாவது ஆக வேண்டும், மேலே ஏறிய ஆயில் இறங்கி வர வேண்டாமா? கம்பியை உருவித் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில். டீக்கடைச் சரிவில் ஒரு நாள், பெட்ரோல் பங்க்கில் ஒரு நாள் என்று பார்த்தால் ஆயில் ஏறியும் இறங்கியும் கண்ணாமூச்சி ஆடும்.

ஒரு ரகசியம். என் பட்டறைக்கு ஒரு வண்டி 'ஆயில் நிக்கவே மாட்டேங்குது' என்று வந்தது. இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் கம்பி வேறு மாடலுடையது, மூன்று விரற்கடை குட்டை. டிரைவர் கோடு வரை ஊற்ற ஊற்ற, ஆயில் கிராங்க்கைத் தொட்டு, கடையப்பட்டு, நுரைத்து, பிரீதர் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த இன்ஜின் குடிக்கவில்லை, வாந்தி எடுத்தது. கம்பி மாற்றினேன். கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

கேள்வி: ஆயில் குறைந்தால் முதலாளி என்னைத்தான் பார்க்கிறார். 'எங்க வித்த?' என்கிறார். நான் என்ன செய்ய?
— டிரைவர், பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: சேம்பரிலிருந்து கறுத்த ஆயிலை இறக்கி விற்றுப் பிழைப்பதைவிடக் கஷ்டமான தொழில் இந்த நாட்டில் இல்லை என்று உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். ஊற்றாத புது டின்னுக்குக் கணக்கு எழுதுவது மட்டும் நடக்கிற காரியம். அதையும் மூடிவிடலாம். ஊற்றியவுடன் டிரிப் ஷீட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் எழுதுங்கள். காலி டின்னைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களை மாற்றி இன்னொரு டிரைவர் போட்டும் கணக்கு மாறவில்லை என்றால் திருடன் பானட்டுக்கு அடியில் இருக்கிறான்.

முதலாளிமார்களுக்கு: சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் மனிதனைச் சந்தேகப்படும் முன் வாஷரைச் சந்தேகப்படுங்கள். டிரெயின் நட்டின் செம்பு வாஷர் மலிவு. டிரைவர் கிடைப்பது அப்படியல்ல.

கேள்வி: ஒரு சொட்டுதானே ஒழுகுது, அதுக்குப் போய் சீல் மாத்தணுமா?
— சங்ககிரி

பதில்: ஒரு லிட்டரில் தோராயமாக இருபத்தைந்தாயிரம் சொட்டு. ஓடும்போது விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஏழு மணி நேரத்தில் ஒரு லிட்டர் காலி. நாமக்கல்லிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் ஒரு டின். ஒரு சொட்டுதானே என்பீர்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை. பிறகு சுத்தமாக நின்றுவிடுகிறது. ரிங்கா?
— தர்மபுரி

பதில்: புகை வந்ததா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எப்போது வந்தது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வாழ்க. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது ஹெட்டில் தங்கிய ஆயில், தேய்ந்த வால்வ் கைடும் சீலும் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். காலையில் அது எரிந்து தீர்ந்தவுடன் புகை நின்றுவிடும். ஹெட் வேலையோடு முடியலாம்.

ரிங்கும் லைனரும் தேய்ந்தால் ஆள் வேறு மாதிரி. லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கும் அளவுக்கு நீலம் விடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப் என்று ஆவி அடிக்கும். ரொம்ப நேரம் ஸ்லோ ஸ்பீடில் நிறுத்திவைத்துவிட்டு ரேஸ் செய்தால் மட்டும் புகை மண்டினால் டர்போ சீலைக் கவனியுங்கள். கறுப்புப் புகைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை, அது டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால் ஹெட் பேக்கிங்.

புகையே தெரியாமலும் ஆயில் எரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆறு சிலிண்டர் இன்ஜின் 2,000 சுற்றில் ஓடினால் நிமிஷத்துக்கு ஆறாயிரம் முறை எரிகிறது. பத்து மணி நேரத்தில் முப்பத்தாறு லட்சம் முறை. அதில் ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தால் ஒரு தடவைக்குக் கால் கன மில்லிமீட்டர் சொச்சம், கடுகை நறுக்கினால் கிடைக்கும் ஒரு துண்டு. அதைப் புகையில் பார்க்கக் கழுகுக் கண் வேண்டும்.

கேள்வி: பின்பக்க கிராங்க் ஆயில் சீல் ஒரே வருஷத்தில் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கிளட்ச் பிளேட் வரை நனைகிறது. சீல் டூப்ளிகேட்டா?
— கரூர்

பதில்: ஒரு தடவை போனால் சீலைச் சந்தேகப்படலாம். மூன்று தடவை போனால் சீலுக்கு உள்ளே இருப்பதைச் சந்தேகப்பட வேண்டும். பிரீதர் பைப்பைக் கழற்றி ஊதிப் பார்த்தீர்களா? இன்ஜின் மூச்சுவிடும் மூக்கு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே சேரும் காற்று வேறு வழியில்லாமல் எந்தச் சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். மூக்கைப் பொத்திவிட்டு வாய்க்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். பிரீதர் சுத்தமாக இருந்தும் தொடர்ந்தால், கிராங்க்கில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலைப் பழைய பள்ளத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: எல்லாரும் ஆயில் குறையுதுன்னு அழறாங்க. என் வண்டியில 8,000 கி.மீ. ஓடியும் ஒரு நூல் குறையல. இன்னும் சொன்னா கொஞ்சம் ஏறியிருக்கு. நல்ல இன்ஜின்தானே?
— பெருந்துறை

பதில்: இந்த இதழிலேயே ஆபத்தான கடிதம் உங்களுடையது. ஆயில் குட்டி போடாது. உள்ளே டீசல் இறங்கிக்கொண்டிருக்கிறது. பம்ப் சீலோ, ஃபீட் பம்ப்போ, ஒழுகும் இன்ஜெக்டரோ. கம்பியில் இருப்பதை விரலில் தொட்டு மோந்து பாருங்கள், டீசல் வாசம் வரும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போகும். மட்டம் மிகவும் ஏறினால் அதைவிட மோசம் ஒன்று உண்டு: இன்ஜின் தன் சேம்பர் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அப்படி ஆனால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்தப் பாருங்கள். முடியவில்லையா, தூர ஓடுங்கள். காற்று போகும் வாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள், துணி வைத்தாலும் உறிஞ்சிவிடும். இதைப் படித்ததும் ஆயிலை இறக்குங்கள்.

இதில் இன்னொரு சூதும் உண்டு. ஒரு பக்கம் ஆயில் எரிந்துகொண்டிருக்கும், மறுபக்கம் டீசல் இறங்கிக்கொண்டிருக்கும், கம்பியில் மட்டம் அசையாது.

கேள்வி: 15டபிள்யூ-40 ஊற்றுவதற்குப் பதில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் குடிப்பது குறையும் என்கிறார்களே?
— ஈரோடு

பதில்: குறையும். ஓட்டைச் சட்டைக்குமேல் சால்வை போர்த்தினாலும் ஓட்டை தெரியாது. தேய்ந்த இன்ஜினை விற்கும் வரை ஓட்டப் பலர் செய்வது இதுதான், வாங்குகிறவர்கள் கவனிக்கவும். உங்கள் வண்டிக் கையேடு அனுமதிக்கும் கிரேடுக்குள் கெட்டியானது இருந்தால் ஊற்றலாம். 'இதை ஊற்றினால் ரிங் வளரும்' என்று பாட்டிலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்காதீர்கள். தேய்ந்த இரும்பு வளர்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

கேள்வி: இன்ஜின் வேலை முடித்து 3,000 கி.மீ. ஆகிறது. புது ரிங், புது லைனர். முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறது. மெக்கானிக் 'செட் ஆகும்' என்கிறார்.
— மணப்பாறை

பதில்: செட் ஆக வேண்டுமென்றால் நீங்கள் விட வேண்டும். புது இன்ஜின் என்று பயந்து காலி வண்டியாக நாற்பதில் உருட்டினீர்களா? ஷெட்டில் மணிக்கணக்காக ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டீர்களா? புது ரிங் லைனரோடு ஒட்ட வேண்டுமானால் பின்னாலிருந்து எரிந்த வாயு அதைத் தள்ள வேண்டும். லோடு இல்லாமல் அந்தத் தள்ளு கிடைக்காது. லைனரில் ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் தேய்ந்து கண்ணாடிபோல ஆகிவிடும். கண்ணாடியில் ஆயில் நிற்காது, ரிங்கும் பிடிக்காது. அளவான லோடு போட்டு நல்ல ரோட்டில் ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் ரிங்கில் 'டாப்' என்று பொறித்திருக்கும் பக்கம் கீழே போயிற்றா என்று மெக்கானிக்கை மரியாதையாகக் கேளுங்கள். மரியாதை முக்கியம், மறுபடி பிரிக்கப்போவது அவர்தான்.

கேள்வி: ரிக் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?
— திருச்செங்கோடு

பதில்: பாதி. உங்கள் ஊர் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொய், ஒரே இடத்தில் நின்று ராத்திரி பகலாக ஓடுகிறவை. மணி மீட்டரை வைத்து லிட்டரைக் கணக்குப் போடுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிய நிலையில் டிப் ஸ்டிக் பார்ப்பது வீண். ரிக்கின் ஸ்க்ரூ கம்ப்ரசரில் இருப்பது தனி ஆயில். அது குறைந்தால் இன்ஜினைத் திட்டாதீர்கள். செபரேட்டர் எலிமென்ட் கிழிந்திருக்கலாம், அல்லது அதிலிருந்து ஆயிலைத் திருப்பி இழுக்கும் சின்னக் குழாய் அடைத்திருக்கலாம். அந்த ஆயில் காற்றோடு சேர்ந்து துளைக்குள் இறங்கும். போர் போடச் சொன்னவர் தண்ணீருக்குக் காசு கொடுத்தார், ஆயிலுக்கு அல்ல.

கேள்வி: பி.எஸ்.-6 வண்டியில் நீலப் புகையே வராதாமே?
— ஓசூர்

பதில்: டி.பி.எஃப். என்ற புகை ஃபில்டர் இருக்கும் வண்டியில் கண்ணுக்குப் படுவது அபூர்வம். எரிந்த ஆயிலின் சாம்பல் ஃபில்டருக்குள் சேர்ந்துகொண்டே போகும், கரியைப்போல அதை எரித்துப் போக்க முடியாது. ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது என்று புலம்புகிறவர்கள் ஆயில் கணக்கையும் பாருங்கள். பழைய வண்டிக்கு வாங்கிய ஆயிலை இதில் ஊற்றிச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: கறுப்புக் கூழ் வந்தது.
— அதே நாமக்கல்காரர்

பதில்: அவசரம் என்று எழுதியிருந்ததால் இவருக்கு மட்டும் பதிலைப் போனில் முன்பே சொல்லியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் மறுகடிதம் வந்துவிட்டது. டேங்கிலிருந்து அரை டம்ளர் வந்ததாம். கம்ப்ரசரிலிருந்து போகும் பைப்பைக் கழற்றினால் உள்ளே கரி பிடித்துச் சுண்டுவிரல்கூட நுழையவில்லையாம். அதுவும் ஒரு சங்கிலி: ஆயில் கசிந்து சூட்டில் கரியாகும், கரி பைப்பை அடைக்கும், அடைத்தால் கம்ப்ரசர் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் கசியும். கூடவே எங்கோ ஏர் லீக் இருந்தால் கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது. கம்ப்ரசர் வேலை செய்து, பைப் மாற்றியாகிவிட்டது. இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு 900 மில்லி. அது ரிங் வழியாகப் போகிறது. பதினைந்து வருஷத்துக்கும் மேல் உழைத்த இன்ஜின், போகட்டும், அதற்காகப் பிரிக்க வேண்டாம்.

ஆனால் ஆயில் போன இடத்தை மறந்துவிட்டீர்கள். அத்தனையும் பிரேக் லைனுக்குள் போயிருக்கிறது. டேங்குகளைக் கழுவி, பிரேக் வால்வுகளின் ரப்பரையும் டயாஃப்ரங்களையும் பார்க்காமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள். ஏர் டிரையர் இருந்தால் அதன் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ரொம்பக் குடிக்குது' என்று மட்டும் எழுதிய பதினொரு கடிதங்கள் மேசைமேல் கிடக்கின்றன. ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, ஊற்றிய லிட்டர் எவ்வளவு, ஏர் டேங்கைத் திறந்தால் என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.